உபுண்டு: பூட் ஆனதும் ஒரு நிரல், லாகின் ஆனதும் ஒரு நிரல் தானாக ஓட வேண்டும். எதை எங்கே போடுவது?

அல்சூர்_வாசகர்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஒரு சின்னப் படிப்பகத்தில் மினி பிசி ஒன்று இருக்கிறது. உபுண்டு 24.04, க்னோம் டெஸ்க்டாப், வைஃபை. அதில் இரண்டு வேலை தானாக நடக்க வேண்டும்.

ஒன்று, புத்தகப் பட்டியலைக் காட்டும் பைத்தான் நிரல். 8080 போர்ட்டில் ஓடும். புத்தக விவரம் முழுக்க யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில். தொடங்கும்போது இணையத்திலிருந்து அன்றைய அறிவிப்புகளை எடுத்துக்கொள்ளும், இரவல் போன தேதிகளையும் பதிந்துவைக்கும். இரண்டாவது, அந்தப் பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் முழுத்திரையாகச் சுவர் டிவியில் காட்ட வேண்டும்.

முதலில் இரண்டையும் ஓட்டும் வரிகளை, டெர்மினல் திறக்கும்போது ஓடும் .பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் போட்டோம். டெர்மினலைத் திறந்தால்தான் ஓடுகிறது. இன்னொரு டெர்மினல் திறந்தால் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை. அடுத்து, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டேபில் @ரீபூட் (பூட் ஆனதும் ஓட்டு) என்று போட்டோம். நிரல் சில நாள் ஓடுகிறது, சில நாள் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஒருநாளும் வந்ததில்லை. இது போதாதென்று, கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக ஆன் ஆவதில்லை.

இணையத்தில் தேடினால் ஆர்சி.லோக்கல், இனிட்.டி, சிஸ்டம்டி, ஆட்டோஸ்டார்ட் என்று ஆளுக்கொரு வழி. காலையில் கதவைத் திறப்பவர் பெரியவர், பாஸ்வேர்டு அடிக்கச் சொல்ல முடியாது. எது சரி?

---

கருந்திரை

ஆளுக்கொரு வழி சொல்வதற்குக் காரணம், அந்தப் பக்கங்களின் வயது. 2015 ஏப்ரலில் உபுண்டு 15.04, டெபியன் 8 இரண்டும் சிஸ்டம்டிக்கு மாறின. பூட்டில் தொடங்கி, சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) நிர்வகிப்பது அதுதான். இனிட்.டி ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும் பக்கம் எதுவானாலும் பெரும்பாலும் அதற்கு முந்தைய சரக்கு, மூடிவிடுங்கள்.

உங்கள் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் போகாது. பூட் நேரத்தில் பெட்டியில் யாரும் லாகின் ஆகியிருக்க மாட்டார்கள், திரை யாருக்கும் சொந்தமாக இருக்காது, இணையம் வந்திருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸுக்குத் திரை வேண்டும். கிரான் ஓட்டும் நிரலுக்குத் திரை எது என்றே தெரியாது, அதனால்தான் அது ஒருநாளும் வரவில்லை. ஆகவே பைத்தான் நிரல் சிஸ்டம் சர்வீஸ், ஃபயர்ஃபாக்ஸ் லாகின் ஆட்டோஸ்டார்ட்.

சில நாள் ஓடி சில நாள் ஓடாததற்கு என் முதல் சந்தேகம் அந்த யூஎஸ்பி டிஸ்க். க்னோம் அதை /மீடியா/ கீழே மவுன்ட் செய்வது (கோப்புகளைத் திறக்கும்படி இணைப்பது) ஒருவர் லாகின் ஆன பிறகுதான். பூட் நேரத்தில் அந்தப் பாதையே இருக்காது. அதனால் பூட்டிலேயே மவுன்ட் ஆக வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் இந்த டிஸ்க்கைச் சேர்த்துவிடுங்கள். எல்எஸ்பிஎல்கே -எஃப் கட்டளை டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடியைக் காட்டும். அதை வைத்து /எஸ்ஆர்வி/நூல் என்ற இடத்தில் மவுன்ட் ஆகும்படி ஒரு வரி, ஆப்ஷனில் நோஃபெயில் கட்டாயம். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு பூட் செய்தால், சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். பெரியவர் காலையில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்தால் கோப்புகளின் உரிமையாளரை சௌன் கட்டளையால் மாற்ற முடியாது. எஃப்எஸ்டேப் வரியிலேயே யூஐடி= போட்டு, நிரல் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவர் எண்ணைக் கொடுங்கள்.

இனி சர்வீஸ் கோப்பு. இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் எல்லாமே ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், கேப்பிட்டல் எழுத்துகளும் மாறக்கூடாது. சாவிச்சொல்லை முழுக்கச் சிறிய எழுத்தில் அடித்தால் சிஸ்டம்டி லாகில் ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். கோப்பின் பெயரையும் தமிழில் வைக்காதீர்கள், யூனிட் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது.

/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/பட்டியல்.சர்வீஸ்

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=படிப்பகப் பட்டியல்
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி/நூல்

[சர்வீஸ்]
யூசர்=நூலகம்
வொர்க்கிங்டைரக்டரி=/ஆப்ட்/பட்டியல்
என்விரான்மென்ட்=பைத்தான்அன்பஃபர்ட்=1
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஆப்ட்/பட்டியல்/வென்வ்/பின்/பைத்தான் பட்டியல்.பை
ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்
ரீஸ்டார்ட்செக்=5

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்

டார்கெட் என்பது பூட்டில் எட்ட வேண்டிய ஒரு கட்டம். நெட்வொர்க்.டார்கெட் வேறு, நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் வேறு. முன்னது நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்று மட்டும் சொல்லும், ஐபி கிடைத்ததா என்று சொல்லாது. பின்னதுக்கும் ஆஃப்டர் மட்டும் போட்டால் போதாது. ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் தீர்மானிக்கும், இழுத்து வருவது வான்ட்ஸ். இரண்டும் வேண்டும்.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியை எந்த ஷெல்லும் (டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் நிரல்) படிப்பதில்லை. பைப், >, &&, ~ எதுவும் அங்கே வேலை செய்யாது. .பாஷ்ஆர்சியில் நீங்கள் வைத்த பாத் (நிரல்களைத் தேடும் இடங்கள்) மாற்றங்களும் அங்கே தெரியாது. வென்வை (நிரலுக்கென்று தனியாக வைத்த பைத்தான் சூழல்) ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை, அதற்குள் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு கூப்பிட்டால் போதும். கடைசியில் பழக்கதோஷத்தில் & போட்டுவிடாதீர்கள். நேராகப் போட்டால் அது நிரலுக்கு ஒரு ஆர்கியூமென்ட் ஆகப் போகும். ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள் போட்டால் ஸ்கிரிப்ட் உடனே முடிந்துவிடும். முதன்மைப் பிராசஸ் போய்விட்டது என்று சிஸ்டம்டி அதன் பிள்ளைகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அன்பஃபர்ட் வரி எதற்கென்றால், அது இல்லாமல் பைத்தானின் பிரின்ட் எல்லாம் பஃபரில் தேங்கி, லாகில் பல நிமிடம் ஒன்றுமே தெரியாது. நிரல் தூங்குகிறதா செத்துவிட்டதா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வீர்கள்.

கோப்பைச் சேமித்ததும் சூடோவோடு (நிர்வாக உரிமையோடு) சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் பட்டியல். எனேபிள் என்பது அடுத்த பூட்டுக்கு, --நவ் இப்போதே தொடங்க. நிலவரம் பார்க்க ஜர்னல்சிடிஎல் -யூ பட்டியல் -பி.

---

பின்வாசல்

கருந்திரை சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: வைஃபை. நெட்வொர்க்மேனேஜரில் ஒரு இணைப்பை எல்லாருக்கும் பொது என்றும் வைக்கலாம், ஒரு பயனருக்கு மட்டும் என்றும் வைக்கலாம். நிர்வாக உரிமை இல்லாத கணக்கில் இருந்து வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் பெரும்பாலும் அது அந்தப் பயனருக்கு மட்டும்தான். அவர் லாகின் ஆகும்வரை வைஃபை இணையாது. ஆன்லைன் டார்கெட் ஒரு நிமிடம் போலக் காத்திருந்து, அலுத்துப்போய் வழிவிட்டுவிடும். நிரல் இணையம் இல்லாமல் எழுந்து, செத்து, 5 விநாடிக்கொருமுறை திரும்ப எழும்.

செட்டிங்ஸில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, மற்ற பயனர்களுக்கும் கிடைக்கட்டும் என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். லான் கேபிள் இழுக்க முடிந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், ஆன்லைன் டார்கெட்டை நம்பவே வேண்டாம். அது பூட்டின்போது ஒருமுறை மட்டும் பார்க்கிற விஷயம். மத்தியானம் ரவுட்டர் படுத்தால் அதற்குத் தெரியாது. அறிவிப்பு கிடைக்காவிட்டாலும் பட்டியலைக் காட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி முயற்சி செய் என்று நிரலிலேயே எழுதுங்கள். புத்தகப் பட்டியல் லோக்கல் டிஸ்க்கில் இருக்கும்போது அது இணையத்துக்காகக் காத்துக் கிடப்பது எதற்கு?

---

மர்ஃபிடவுன்

ஒரு வரி வேலைக்கு இருபது வரி யூனிட் கோப்பா? கிரானின் @ரீபூட் அவ்வளவு மோசமில்லைங்க. அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் போதும். பாத்தில் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும்தான் இருக்கும், எல்லாவற்றையும் முழுப் பாதையோடு எழுத வேண்டும். வரியில் % வந்தால் அது புதுவரி ஆகிவிடும், முன்னால் \ போட வேண்டும். வெளியீட்டை லாக் கோப்புக்குத் திருப்பாவிட்டால் பிழை எங்கே போனது என்றே தெரியாது. பூட்டில் ஒருமுறை ஓடி முடியும் வேலைக்கு, உதாரணமாக பழைய தற்காலிகக் கோப்புகளைத் துடைக்க, நான் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

இன்னொரு கேள்வி. பெரியவருக்காக எப்படியும் ஆட்டோலாகின் வைக்கப்போகிறார்கள். அப்போது பைத்தானையும் லாகினிலேயே தொடங்கலாமே?

---

கருந்திரை

@மர்ஃபிடவுன், ஒருமுறை ஓடி முடியும் வேலைக்கு கிரான் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள் முழுக்க உயிரோடு இருக்க வேண்டிய நிரலுக்கு ஆகாது. செத்தால் தூக்கி நிறுத்த ஆளில்லை.

ஆட்டோலாகினில் சேர்த்துத் தொடங்கலாம், யூசர் சர்வீஸாக. கோப்பு ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர்/ கீழே, சூடோ இல்லாமல் சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள். அங்கே பலர் விழும் குழி ஒன்று: வான்டட்பையில் மல்ட்டி-யூசர்.டார்கெட் என்று பழைய கோப்பிலிருந்து காப்பி அடித்துவிடுவார்கள். யூசர் பக்கத்தில் அந்த டார்கெட்டே கிடையாது. எனேபிள் பெரிய பிழை காட்டாமல் முடிந்துவிடும், சர்வீஸ் ஒருநாளும் தானாக எழாது. அங்கே டிஃபால்ட்.டார்கெட் என்று இருக்க வேண்டும். லாக்அவுட் ஆனால் யூசர் சர்வீஸும் போய்விடும். போகக்கூடாதென்றால் லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் பயனர்பெயர்.

இங்கே நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. பட்டியலை மற்றவர்கள் கைபேசியிலும் பார்ப்பார்கள் என்றால், டிவியில் டெஸ்க்டாப் செஷன் படுத்ததற்காக அதுவும் படுக்கக்கூடாது.

---

அல்சூர்_வாசகர்

எல்லாருக்கும் நன்றி. எஃப்எஸ்டேப், வைஃபை இரண்டும் செய்தாயிற்று. வைஃபை ஒரு பயனருக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் சர்வீஸ் தொடங்கவில்லை. எக்ஸெக்ஸ்டார்ட்டில் பைத்தானுக்குப் பதிலாக எங்களிடம் இருந்த துவக்கு.எஸ்ஹெச் ஸ்கிரிப்டைக் கொடுத்தோம், அது விண்டோஸ் லேப்டாப்பில் எழுதியது. ஸ்டேட்டஸில் 203/எக்ஸெக் என்றும், அப்படி ஒரு கோப்பு இல்லை என்றும் வருகிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது, சிஹெச்மாட் +எக்ஸ் கொடுத்தும் பார்த்தாயிற்று.

---

கருந்திரை

விண்டோஸ் என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். விண்டோஸ் எடிட்டர் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்தைச் சேர்க்கும். முதல் வரியில் #!/பின்/பாஷ் என்பதன் வாலில் அது ஒட்டிக்கொண்டிருப்பதால், கர்னல் அந்த வாலோடு சேர்த்த பெயரில் ஒரு நிரலைத் தேடுகிறது. அதுதான் இல்லை என்கிறது, உங்கள் ஸ்கிரிப்ட் இல்லை என்று சொல்லவில்லை. டாஸ்2யூனிக்ஸ் துவக்கு.எஸ்ஹெச் என்று ஒருமுறை ஓட்டுங்கள், சரியாகும். அதைவிட அந்த ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டு நான் மேலே எழுதியபடி நேராக வென்வ் பைத்தானைக் கூப்பிடுவது நல்லது. உடையக்கூடிய இடம் ஒன்று குறையும்.

எண்களைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. 203 என்றால் நிரலை இயக்க முடியவில்லை: பாதை தவறு, இயக்க அனுமதி இல்லை, #! வரி இல்லை அல்லது கெட்டுப்போயிருக்கிறது. ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கும் சேரும், ஹோம் டைரக்டரியில் உள்ள ஸ்கிரிப்ட்டை சிஸ்டம் சர்வீஸ் தொட விடாது. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரி கிடைக்கவில்லை. 217 என்றால் யூசர்= வரியில் உள்ள பயனரே இல்லை.

ரீஸ்டார்ட்செக் வரியை எடுத்துவிடாதீர்கள். இயல்பு இடைவெளி 100 மில்லிவிநாடி. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்துத் தோற்றால் சிஸ்டம்டி கைகழுவிவிடும். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் நிரல் ஒரு விநாடிக்குள் ஐந்து உயிரையும் செலவழித்துவிட்டுப் படுத்துவிடும், வைஃபை அதற்கப்புறம் சாவகாசமாக வந்து சேரும். 5 விநாடி இடைவெளியில் அந்த வரம்பு எட்டவே எட்டாது.

ஒரு விதிவிலக்கு: டிஸ்க் செருகாமல் பூட் ஆனால் சர்வீஸ் டிபென்டன்சி தோல்வி என்று நின்றுவிடும். நிரல் ஓடவே தொடங்காததால் ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் அதற்கு உதவாது. டிஸ்க்கைச் செருகிவிட்டு சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி பூட்.

---

ஏழாம்_அடுக்கு

டிவி பக்கத்தையும் கரண்ட் பக்கத்தையும் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

பெட்டி தானாக ஆன் ஆகாததற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை. பயாஸுக்குள் (பெட்டி ஆன் ஆகும்போது, உபுண்டுவுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) போய், ஏசி பவர் லாஸ் என்ற மாதிரி இருக்கும் வரியை பவர் ஆன் என்று வையுங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும். வைத்த செட்டிங் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு அழிந்துபோயிருந்தால், உள்ளே இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட் பட்டன் செல். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோடு வரைகூடப் போக வேண்டாம், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில மினி பிசிக்களில் செல் வயரோடு சிறு கனெக்டரில் இருக்கும், அதற்கு மட்டும் எஸ்பி ரோடு.

அந்த பேட்டரி உங்களுக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். தீர்ந்துபோனால் பெட்டிக்கு நேரம் தெரியாது. இணையம் வந்து நேரம் சரியாகும்வரை இரவல் தேதியெல்லாம் தப்பாகப் பதியும். யூனிட்டில் ஆஃப்டர்=, வான்ட்ஸ்= இரண்டிலும் டைம்-சிங்க்.டார்கெட்டைச் சேர்த்து, சிஸ்டம்டி-டைம்-வெய்ட்-சிங்க் சர்வீஸையும் எனேபிள் செய்யலாம். ஆனால் அப்போது இணையம் இல்லாத நாளில் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். செல்லை மாற்றுவதே சுலபம்.

டிவிக்குத் தனிக் கணக்கு ஒன்று, சூடோ உரிமை இல்லாமல். செட்டிங்ஸ், சிஸ்டம், யூசர்ஸ் போய் அதற்கு மட்டும் ஆட்டோமேட்டிக் லாகின். திரை அணைவதையும் பூட்டுவதையும் அந்தக் கணக்கில் நிறுத்திவையுங்கள். பிறகு ~/.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட்/திரை.டெஸ்க்டாப்:

[டெஸ்க்டாப் என்ட்ரி]
டைப்=அப்ளிகேஷன்
நேம்=திரை
எக்ஸெக்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/திரை.எஸ்ஹெச்

திரை.எஸ்ஹெச் உள்ளே, #! வரிக்குக் கீழே, இரண்டே வரி:

அன்டில் கர்ல் -எஸ்எஃப் -ஓ /டெவ்/நல் லோக்கல்ஹோஸ்ட்:8080; டூ ஸ்லீப் 1; டன்
எக்ஸெக் ஃபயர்ஃபாக்ஸ் --கியோஸ்க் லோக்கல்ஹோஸ்ட்:8080

ஸ்லீப் 20 என்று குத்துமதிப்பாகப் போடுபவர்கள் உண்டு. ஒருநாள் 21 விநாடி ஆகும், அன்று டிவியில் பிழைப் பக்கம் நாள் முழுக்க நிற்கும். பட்டியல் எழுந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுத் திறப்பதே சரி. அப்படிக் கேட்டுப் பார்க்கும் கட்டளைதான் கர்ல், அது இல்லையென்றால் ஏபிடியில் நிறுவிக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு ஃபயர்ஃபாக்ஸ் பழைய செஷனைத் திறக்கவா என்று கேட்டு மறித்தால், அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் ரிஸ்யூம்_ஃப்ரம்_கிராஷ் என்று தேடி ஃபால்ஸ் ஆக்குங்கள்.

---

டிரிங்கிள்சுட்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப், வேலண்ட் திரை அமைப்பு. தமிழ்99 தட்டச்சுக்காக எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருள் வைத்திருக்கிறேன், ஆட்டோஸ்டார்ட்டிலும் சேர்த்திருக்கிறேன். லாகின் ஆனால் ஐகான் வருகிறது, சில நிரல்களில் தமிழ் வரவில்லை.

---

பின்வாசல்

பிளாஸ்மா வேலண்டில் அதை ஆட்டோஸ்டார்ட்டில் வைக்கக்கூடாது. விண்டோ மேனேஜரே அதைத் தொடங்கினால்தான் வேலண்ட் வழியாக எழுத்து போகும். ஆட்டோஸ்டார்ட்டில் இருந்து எடுத்துவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் வர்ச்சுவல் கீபோர்டு பகுதியில் எஃப்சிஐடிஎக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுங்கள். பெயர் வர்ச்சுவல் கீபோர்டு என்றிருப்பதால் யாரும் அங்கே தேடுவதில்லை. லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள்.

---

அல்சூர்_வாசகர்

எல்லாம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கி மூன்று முறை சோதித்தாயிற்று. செல் பழசுதான், மாற்றிவிட்டோம். ஒன்று மட்டும் பாக்கி: ஆட்டோலாகின் ஆனதும் சில சமயம் கீரிங் பாஸ்வேர்டு கேட்டு டிவியில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

---

ஏழாம்_அடுக்கு

கீரிங் என்பது பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் பெட்டகம், அது திறப்பது லாகின் பாஸ்வேர்டால். ஆட்டோலாகினில் யாரும் பாஸ்வேர்டு அடிக்கவில்லை, அதனால் அது பூட்டியபடியே இருக்கிறது. ஏதோ ஒரு நிரல் அதற்குள் இருந்து ரகசியம் கேட்கும்போது பெட்டி வருகிறது. டிவி கணக்கில் கீரிங்கை நிர்வகிக்கும் சீஹார்ஸ் நிரலைத் திறந்து, லாகின் கீரிங்கின் பாஸ்வேர்டை மாற்று என்று போய், புது பாஸ்வேர்டைக் காலியாக விடுங்கள். எச்சரிக்கை வரும், தொடரலாம். அதற்குப் பிறகு அதில் உள்ளவை மறையாக்கம் இல்லாமல் டிஸ்க்கில் இருக்கும். அந்தக் கணக்கில் ஈமெயில், வங்கி எதையும் ஒருநாளும் திறக்காதீர்கள்.